பழைய துப்பாக்கியைத் துலக்கவும் வேண்டாம், வெட்டவும் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதுச்சேரியில் பழைய வீடு ஒன்றை இடித்தபோது பரணில் துப்பாக்கி கிடைத்த செய்தியைச் சென்ற வாரம் தங்கள் நாளிதழில் படித்தேன். ‘நாட்டுத் துப்பாக்கி சிக்கியது’ என்று தலைப்பிட்டிருந்தீர்கள். உடன் வந்த படத்தை உருப்பெருக்கியை வைத்துப் பலமுறை பார்த்தேன். குதிரைக்கு, அதாவது விசையை இழுத்தால் சுத்தியல் போல அடிக்கும் பாகத்துக்குக் கீழே, அடிபட்டதும் நெருப்பு தரும் கேப்பு என்ற சிறு செப்புக் குப்பியைச் செருகும் முளை தெரிகிறது. விசையைச் சுற்றியுள்ள காப்பு வழக்கத்தை விட நீண்டு, கட்டையின் அடிப்பாகத்தோடு ஒட்டிக் கிடக்கிறது. நம் ஊர்க் கொல்லுப்பட்டறையில் அடித்த துப்பாக்கிக்கு இப்படிப்பட்ட காப்பு தேவையே இல்லை. கீழே இழுத்து ஏதோ ஒன்றைத் திறப்பதற்காகச் செய்யப்பட்ட காப்பு அது. அது எந்த நாட்டுத் துப்பாக்கி, எந்த ஆண்டைச் சேர்ந்தது என்பதை ஒரு படத்தைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் தகுதியுள்ள ஒருவர் அதைக் கையில் எடுத்துப் பார்க்கும் முன்பே அது அழிக்கப்பட்டுவிடக் கூடாது என்பதற்காகவே இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

நான் தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றில் ஃபிட்டர், டூல்ரூம் பிரிவுகளில் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்றவன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கிறேன். பதினைந்து ஆண்டுகளாக அமெரிக்க ராணுவம் 19ஆம் நூற்றாண்டில் பயன்படுத்திய, பின்புறமாகத் தோட்டா இட்டுக் கேப்பால் வெடிக்கும் ரைஃபிள்களையும், கார்பைன்கள் எனப்படும் குட்டைக் குழல் குதிரைப்படைத் துப்பாக்கிகளையும் பற்றிப் படித்து வருகிறேன். என் அக்கா மகன் அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தில் வேலை பார்க்கிறான். அத்துப்பாக்கிகளைச் சேகரிப்பவன் அவன். நான் சேகரிப்பது அவற்றின் காப்புரிமை வரைபடங்களையும் படங்களையும் மட்டுமே. அந்த வரைபடங்களைக் கொண்டு தேக்கிலும் பித்தளையிலும் அவற்றின் பின்வாய் அமைப்புகளை, அதாவது குழலின் பின்புறம் திறந்து மூடும் பாகங்களை, மாதிரியாகச் செய்து வைத்திருக்கிறேன். அவற்றின் குழலில் துளையே கிடையாது. திறந்து மூடிக் காட்டுவதற்காக மட்டும் செய்தவை.

எனக்கு இதில் பிடிப்பு வந்ததற்குக் காரணம் நான் செய்த ஒரு தவறு. இருபது ஆண்டுகளுக்கு மேல் இருக்கும். புதுச்சேரியில் என் நண்பர் வீட்டுக் கூடத்தில் பழைய துப்பாக்கி ஒன்று மாட்டியிருந்தது. அவர் குடும்பம் மூன்று தலைமுறையாகப் பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்த சொல்தா குடும்பம். புது வீட்டுக்குக் குடிபோகும்போது அதை மினுமினுப்பாக்கி மாட்ட வேண்டும் என்று விரும்பிய நண்பர், நல்ல பாலிஷ் பட்டறை எது என்று என்னிடம் கேட்டார். நான்தான் ஒரு பட்டறையைச் சொன்னேன். இரும்பு முழுவதையும் பஃபிங் சக்கரத்தில் கொடுத்து, நிக்கல் முலாமும் பூசி, கண்ணாடி போல ஆக்கிக் கொடுத்தார்கள். நானும் பாராட்டினேன். விசைக்காப்பைக் கீழே இழுத்தால் பின்பக்கத்தில் ஒரு கனமான இரும்புக் கட்டை வழுக்கிக்கொண்டு கீழே இறங்கியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்த வேலைப்பாடு என்னை ஈர்த்தது. ஆனால் அது என்ன என்று கேட்கத் தோன்றவில்லை. சில ஆண்டுகள் கழித்து, உரிமம் இல்லாத ஆயுதத்தை வீட்டில் வைத்திருக்க வேண்டாம் என்று அக்குடும்பத்தார் அதை முறைப்படி ஒப்படைத்துவிட்டார்கள். அது பின்னர் மற்றவற்றோடு சேர்த்து அழிக்கப்பட்டதாகக் கேள்விப்பட்டோம்.

அதற்கு நெடுநாள் கழித்துக் கனெக்டிகட்டில் அக்கா மகன் வீட்டுக்குப் போனபோது, அவன் ஒரு கார்பைனை மேசை மேல் துணி விரித்து வைத்து, “மாமா, இதன் காப்பைக் கீழே இழுத்துப் பாருங்கள்” என்றான். இழுத்தேன். அதே கனத்தோடு, அதே வழுக்கலோடு இரும்புக் கட்டை கீழே இறங்கியது. என் கை அந்த அசைவை அடையாளம் கண்டுகொண்டது. அது ஷார்ப்ஸ் கார்பைன். கிறிஸ்டியன் ஷார்ப்ஸ் என்பவர் 1848 செப்டம்பர் 12 அன்று 5,763ஆம் எண் காப்புரிமையாகப் பதிவு செய்த அமைப்பு அது. புதுச்சேரி வீட்டில் இருந்ததும் ஷார்ப்ஸ்தான் என்று நான் சாதிக்க மாட்டேன். சாதிக்க முடியாதபடி அதன் பூட்டுத் தகட்டில், அதாவது குதிரை பொருத்தப்பட்ட பக்கவாட்டு இரும்புத் தகட்டில், இருந்த எழுத்தையும் எண்ணையும் பஃபிங் சக்கரம் தின்றுவிட்டது. அதற்கு வழி காட்டியவன் நான்.

அமெரிக்கத் துப்பாக்கி புதுச்சேரிக்கு எப்படி வரும் என்று வாசகர்கள் கேட்கலாம். அக்காலத்தில் இத்துப்பாக்கிகள் கடல் கடந்து போனது ஒன்றும் அதிசயமில்லை. 1850களின் நடுவில் பிரிட்டிஷ் அரசு தன் குதிரைப்படைக்காக 6,000 ஷார்ப்ஸ் கார்பைன்களையும் 2,000 கிரீன் கார்பைன்களையும் அமெரிக்காவிலிருந்து வாங்கியது. 1870-71இல் பிரஷ்யாவோடு போரிட்டுத் தோற்றுக்கொண்டிருந்த பிரான்ஸ், அமெரிக்க உள்நாட்டுப் போரில் மிஞ்சிய ஆயுதங்களைக் கப்பல் கப்பலாக வாங்கிக் குவித்தது. அந்த விற்பனையைப் பற்றி 1872இல் அமெரிக்க செனட் சபை விசாரணையே நடத்தியது. பிரெஞ்சுக் கொடி பறந்த புதுச்சேரியிலும், பிரிட்டிஷ் கொடி பறந்த கடலூரிலும் பரண்களில் என்ன கிடக்கும் என்பதைப் பார்க்காமலேயே ‘நாட்டுத் துப்பாக்கி’ என்று முடிவு கட்டுவது சரியன்று.

இந்தத் துப்பாக்கிகள் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைச் சற்று விளக்க வேண்டும். கேப்புத் துப்பாக்கி என்றால் நம் மக்களுக்குத் தெரியும். குழலின் முன்வாய் வழியாக மருந்தைக் கொட்டி, ரவையைப் போட்டு, கம்பியால் கெட்டித்து, முளையில் செப்புக் கேப்பைச் செருகிக் குதிரையைத் தட்டினால் வெடிக்கும். நரிக்குறவர் சமூகத்தார் கையில் இவ்வகையைப் பார்த்தவர்கள் நம்மில் பலர். இதில் ஒரு சங்கடம் உண்டு. நின்றுகொண்டு கெட்டிப்பதுதான் எளிது. குதிரை மேல் போகிறவனுக்கு அது பெரும்பாடு. குழலின் பின்புறத்தைத் திறந்து தோட்டாவை உள்ளே வைக்க முடிந்தால் இந்தச் சங்கடம் தீரும். ஆனால் பின்புறம் திறக்கக்கூடிய எதுவும் வெடிக்கும்போது அந்த இடைவெளி வழியாக நெருப்பையும் புகையையும் சுடுபவன் முகத்திலேயே கக்கும். திறக்கவும் வேண்டும், கசியவும் கூடாது என்ற இந்த முரணைத் தீர்க்க அமெரிக்காவில் சுமார் 50 ஆண்டுகள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு வழியில் முயன்றார்கள். தோட்டாவே தன் வெடிப்புப் பொருளையும் சுமந்துகொண்டு வரத் தொடங்கிய பிறகு அந்தக் கேள்வியே மறைந்துவிட்டது. ஆகவே, இடைப்பட்ட காலத்தில் செய்யப்பட்ட துப்பாக்கிகள் ஒவ்வொன்றும் ஒரு பொறியாளர் எழுதிய விடைத்தாள். அவர்களில் பலர் தாம் எப்படிச் சிந்தித்தோம் என்பதை எங்கும் எழுதி வைக்கவில்லை. இரும்பில்தான் எழுதி வைத்திருக்கிறார்கள்.

முதலில் வந்தவர் ஜான் ஹால். 1811இல் காப்புரிமை பெற்றார். அப்போது காப்புரிமை அலுவலகத்தைக் கவனித்து வந்த வில்லியம் தார்ன்டன், அந்த யோசனை தனக்கு முன்பே தோன்றியது என்று சொல்லிப் பங்கு கேட்டதால், அந்தக் காப்புரிமையில் இருவர் பெயரும் இருக்கிறது. ஹாலின் ரைஃபிளில் பின்வாய்த் துண்டு முன்பக்கமாக மேலே எழும்பும். அதில் மருந்தையும் குண்டையும் இட்டு அமுக்கிவிட வேண்டும். 1819இல் ராணுவம் அதை ஏற்றுக்கொண்டது. ஹார்ப்பர்ஸ் ஃபெரி ஆயுதச் சாலையில் உற்பத்தி தொடங்கியது. அப்போது அது சிக்கிமுக்கிக் கல்லால் வெடிப்பது. பிறகு கனெக்டிகட்டின் மிடில்டவுன் ஊரில் சிமியன் நார்த் செய்த 1833ஆம் ஆண்டு ஹால் கார்பைன்தான் அமெரிக்க ராணுவம் ஏற்ற முதல் கேப்புத் துப்பாக்கி. முன்வாய்த் துப்பாக்கியையெல்லாம் முந்திக்கொண்டு ஒரு பின்வாய்த் துப்பாக்கிக்குத்தான் அந்தப் பெருமை கிடைத்தது என்பது எனக்கு எப்போதும் வியப்பாக இருக்கும்.

டூல்ரூம் வேலை செய்தவன் என்ற முறையில் ஹாலைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல அனுமதிக்க வேண்டும். ஒரு துப்பாக்கியின் பாகத்தைக் கழற்றி இன்னொரு துப்பாக்கியில் மாட்டினால் ராவாமல், தட்டாமல் அப்படியே பொருந்த வேண்டும் என்பதை வெறும் பேச்சாக விடாமல் செய்து காட்டியவர் அவர். ஒவ்வொரு பாகத்திலும் ஒரே ஓர் ஆதாரப் புள்ளியை வைத்துக்கொண்டு, எல்லா அளவுகளையும் அதிலிருந்தே எடுத்தார். ஒரு துளையிலிருந்து அடுத்த துளை, அதிலிருந்து அடுத்தது என்று அளந்துகொண்டே போனால் சிறு பிழைகள் கூடிக்கொண்டே போகும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். இன்றைக்கும் நாங்கள் மாணவனுக்கு முதல் மாதத்தில் சொல்லிக் கொடுக்கும் பாடம் இதுதான். 1826-27இல் அரசு அனுப்பிய குழு, 100 ரைஃபிள்களைப் பிரித்துப் பாகங்களைக் கலந்து மறுபடி பூட்டிப் பார்த்து, எல்லாம் பொருந்தியதைக் கண்டது. பின்னர், நூற்றுக்கணக்கான மைல் தள்ளி நார்த் செய்த பாகங்களும் ஹால் செய்த துப்பாக்கிகளில் பொருந்தின. இன்று சிட்கோ தொழிற்பேட்டையில் ஒரு பம்பு உதிரிப் பாகத்தை வாங்கி மாட்டினால் பொருந்துகிறதே, அந்த வசதிக்கு முன்னோடி இந்தத் துப்பாக்கி. ஆனால் அதன் பின்வாய் மட்டும் கசிந்தது. இரும்பும் இரும்பும் எவ்வளவு நெருக்கமாகப் பொருந்தினாலும் நெருப்புக்கு வழி கிடைத்துவிடும். அந்தப் பின்வாய்த் துண்டைத் தனியே கழற்ற முடியும் என்பதால், மெக்சிகோப் போரில் சில படைவீரர்கள் அதைக் கழற்றிச் சட்டைப்பையில் கைத்துப்பாக்கியாகவே வைத்திருந்தார்கள்.

ஷார்ப்ஸ் வேறு வழியில் போனார். காப்பை இழுத்தால் அடைப்பு செங்குத்தாகக் கீழே இறங்கும்; வெடியுப்பு ஊறவைத்த காகிதத்திலோ மெல்லிய லினன் துணியிலோ சுற்றிய தோட்டாவைக் குழலுக்குள் தள்ளிவிட்டுக் காப்பை மேலே தூக்கினால், அடைப்பின் கூரிய விளிம்பு தோட்டாவின் வாலை அரிவாள்மணை போல அரிந்துவிடும்; மருந்து வெளியே தெரியும்; கேப்பின் நெருப்பு நேரே அதில் பாயும். கசிவைத் தடுக்க அடைப்பின் முகத்தில் ஒரு வளையம் வைத்தார்கள். முழுதும் நிற்கவில்லையென்றாலும் தாங்கிக்கொள்ளும் அளவுக்குக் குறைந்தது. 1859 அக்டோபரில் அடிமைமுறையை எதிர்த்துக் கிளம்பிய ஜான் பிரவுனின் ஆட்கள் ஷார்ப்ஸ் கார்பைன்களோடு ஹார்ப்பர்ஸ் ஃபெரியில் புகுந்து, ஹால் உருவாக்கிய ரைஃபிள் தொழிற்சாலையையே கைப்பற்றினார்கள். உள்நாட்டுப் போரில் வடக்கத்திய அரசு 80,000க்கும் மேற்பட்ட ஷார்ப்ஸ் கார்பைன்களை வாங்கியது. கர்னல் பெர்டனின் குறிசுடும் படையினர் தங்களுக்கென்று இரட்டை விசை வைத்த 2,000 ஷார்ப்ஸ் ரைஃபிள்களைக் கேட்டு வாங்கினார்கள். அந்த 2,000இல் ஒன்று இன்று அசல் நிலையில் கிடைத்தால் சேகரிப்பாளர்கள் அதைக் கோயில் ஐம்பொன் போலக் காப்பார்கள்.

அடைப்பை நெருக்கமாகச் செய்வதை விட்டுவிட்டுத் தோட்டாவின் கூட்டையே அடைப்பாக்கலாமே என்று சிலர் யோசித்தார்கள். என் பார்வையில் இந்த யோசனைதான் இந்தக் கதையின் உச்சம். வீட்டில் பிரஷர் குக்கர் காஸ்கெட்டைக் கவனியுங்கள். உள்ளே ஆவி கூடக் கூட அந்த அழுத்தமே ரப்பர் வளையத்தை மூடியோடு இறுக்கிவிடுகிறது. கசிய முயலும் ஆவியே கசிவை அடைக்கிறது. கில்பர்ட் ஸ்மித் 1857இல் காப்புரிமை பெற்ற கார்பைனில் தோட்டாவின் கூடு ரப்பரால் ஆனது. வெடிக்கும்போது அது விரிந்து இணைப்பை அடைத்துக்கொள்ளும். பிறகு சுருங்கிவிடுவதால் விரலால் பிடித்து உருவி எடுத்துவிடலாம். சுமார் 30,000 ஸ்மித் கார்பைன்கள் ராணுவத்துக்குப் போயின. ஆம்ப்ரோஸ் பர்ன்சைடு கூம்பு வடிவப் பித்தளைக் கூட்டைச் செய்தார். கூட்டின் அடியில் ஒரு சிறு துளை, அதன் வழியாகக் கேப்பின் நெருப்பு உள்ளே போகும். அவர் தொழிலில் நொடித்துக் காப்புரிமையைக் கடன்காரர்களிடம் விட்டுவிட்டுப் போனார். ஆனால் போர் வந்ததும் அவர் தளபதியாகப் படை நடத்த, அவர் பெயர் தாங்கிய கார்பைன் 55,000க்கு மேல் விற்றது. லாபம் மட்டும் அவருக்கு வரவில்லை.

எட்வர்டு மேனார்டு என்பவர் வாஷிங்டனில் பல் மருத்துவர். அகன்ற அடித்தட்டும் ஊசித்துளையும் உள்ள பித்தளைக் கூட்டை அவர் வடிவமைத்தார். அதைத் திரும்பத் திரும்ப நிரப்பிப் பயன்படுத்தலாம். அதற்கு முன்பே 1845இல் அவர் வேறொன்றும் கண்டுபிடித்திருந்தார். இரண்டு காகிதங்களுக்கு நடுவே சீரான இடைவெளியில் வெடிப்பொட்டுகளை வைத்து நாடாவாகச் சுருட்டி, குதிரையைப் பின்னே இழுக்கும்போதெல்லாம் ஒரு பொட்டு தானாக முளை மேல் வந்து நிற்கும்படி செய்தார். தீபாவளிக்கு நம் பிள்ளைகள் பொம்மைத் துப்பாக்கியில் மாட்டிச் சுடும் சிவப்பு ரோல் கேப் வேறொன்றுமில்லை, இதுதான். என் பேத்திக்கு நான் முதலில் காட்டியது அந்த வரைபடத்தைத்தான். தீபாவளித் துப்பாக்கியைத் திறந்து பக்கத்தில் வைத்ததும் அவளுக்கு ஒரு வார்த்தை விளக்கம் தேவைப்படவில்லை.

எல்லா முயற்சியும் வென்றுவிடவில்லை. கேலகர் கார்பைனில் குழல் முன்னே நகர்ந்து சாயும். ஆனால் சுட்ட பிறகு கூடு உள்ளேயே ஒட்டிக்கொள்ளும், படைவீரர்கள் திட்டித் தீர்த்தார்கள். கிப்ஸ் கார்பைனின் கதை வருத்தமானது. 10,000 செய்ய ஒப்பந்தமாகி, 1,052 மட்டுமே ஒப்படைத்திருந்த நிலையில், 1863 ஜூலையில் நியூயார்க் நகரில் கட்டாய ராணுவச் சேர்ப்பை எதிர்த்து மூண்ட கலவரத்தில் தொழிற்சாலை எரிந்துபோயிற்று. ஸ்டார், மெரில், லிண்ட்னர் என்று இன்னும் பல உண்டு. அவற்றுக்கு இங்கே இடமில்லை. 1865க்குப் பிறகு ராணுவம் புதிய வகைத் தோட்டாவுக்கு மாறியபோது, ஷார்ப்ஸ் துப்பாக்கிகள் பல்லாயிரக்கணக்கில் திருத்தி அமைக்கப்பட்டன. ஆகவே கேப்பு முளையோடு அப்படியே எஞ்சியிருப்பவை நாம் நினைப்பதை விடக் குறைவு.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன். அக்கா மகன் வீட்டில் ஒரு ஸ்மித் கார்பைனைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பூட்டுத் தகட்டின் மேல் படிந்த பழுப்பைக் கைக்குட்டையால் அழுத்தித் தேய்க்கப் போனேன். “மாமா, தேய்க்காதீர்கள்” என்று அவன் என் கையைப் பிடித்துவிட்டான். பிறகு விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துக் கட்டையின் இடப்பக்கத்தைக் காட்டினான். மரத்தில் நீள்வட்டச் சட்டம் ஒன்று, அதற்குள் இரண்டு எழுத்துகள், நிழலில் மட்டும் தெரியும் அளவுக்கு மெல்லியதாகப் பதிந்திருந்தன. துப்பாக்கியை ஏற்றுக்கொண்ட அரசு ஆய்வாளர் அடித்த முத்திரை அது. அதன் கீழே, கார்பைனைத் தோள்வாரில் மாட்டுவதற்கான இரும்பு வளையம், குதிரையின் ஒவ்வோர் அடிக்கும் ஆடி ஆடி மரத்தில் பிறை வடிவில் ஒரு பள்ளத்தைத் தேய்த்திருந்தது. சுண்டுவிரல் நுனியை வைத்தேன், அளவாக உட்கார்ந்தது. ஏதோ ஓர் இளைஞன் மாதக்கணக்கில் சேணத்தில் உட்கார்ந்து போன தூரம் அந்தப் பள்ளத்தில் இருக்கிறது. ஓர் உப்புத்தாளால் இரண்டையும் ஐந்து நிமிடத்தில் அழித்துவிடலாம். தொடர் எண் தெளிவாக இருந்தால், சில துப்பாக்கிகள் எந்தக் குதிரைப்படைப் பிரிவுக்கு வழங்கப்பட்டன என்பதை வாஷிங்டன் ஆவணக் காப்பகத்தில் உள்ள படைப் பதிவேடுகளிலிருந்தே கண்டுபிடித்துவிடுகிறார்கள். எண் தேய்ந்துபோனால் அந்தத் துப்பாக்கி ஊர் பேர் இல்லாத அநாதைதான்.

குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கிப் பளபளப்பாக்கினால்தான் வீட்டுக்கு லட்சணம் என்பது நம் வழக்கம். விளக்குக்கு அது சரி. பழைய துப்பாக்கிக்கும் வாளுக்கும் அது நாசம். இரும்பின் மேல் படிந்த கரும்பழுப்பு அழுக்கன்று. அது அந்த உலோகத்தின் மேல்தோல். அதை எடுத்துவிட்டால் நம் கடற்கரைக் காற்று ஒரே மழைக்காலத்தில் புதிய துருவை ஏற்றிவிடும். தேங்காய் எண்ணெயைத் தடவுகிறவர்கள் உண்டு. அது நாளடைவில் பிசினாகிப் புழுதியைப் பிடித்துவைக்கும். மெல்லிய தையல் மெஷின் எண்ணெயைப் பருத்தித் துணியில் தொட்டு ஒற்றியெடுத்தால் போதும். தோல் உறைக்குள் வைக்கக் கூடாது, தோல் ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். எல்லாவற்றுக்கும் முன்பாக ஓர் எச்சரிக்கை. பரணில் கிடைக்கும் பழைய துப்பாக்கிகள் பலவற்றில் மருந்து கெட்டித்தபடியே இருக்கும். கருமருந்து ஈரம் படாமல் இருந்தால் நூறாண்டு ஆனாலும் வெடிக்கும். ஆகவே குழலை யார் பக்கமும் திருப்ப வேண்டாம், குதிரையை இழுத்துப் பார்க்க வேண்டாம், நெருப்பருகே கொண்டுபோக வேண்டாம்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 1898 வரை செய்யப்பட்ட துப்பாக்கிகள் 1968ஆம் ஆண்டுக் கூட்டரசுச் சட்டத்தின்படி தொல்பொருள் என்ற தனி வகையில் வருகின்றன. ஆகவே அங்கே சேகரிப்பு எளிது. அங்கே 1950இல் தொடங்கிய சங்கம் ஒன்றின் உறுப்பினர்கள் ஸ்மித் கார்பைனை வைத்து இன்றும் குறிசுடும் போட்டி நடத்துகிறார்கள். இணையத்தில் அதையெல்லாம் பார்த்துவிட்டு இங்கேயும் அப்படித்தான் என்று நம் இளைஞர்கள் எண்ணிவிடக் கூடாது. நம் நாட்டின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, வழக்கொழிந்த வகையைச் சேர்ந்த அல்லது தொல்பொருள் மதிப்புள்ள அல்லது பழுதுபட்ட ஆயுதத்துக்கு விலக்கு அளிக்கிறது. ஆனால் பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அதைச் சுடும் கருவியாகப் பயன்படுத்த இயலாது என்ற நிலை இருந்தால்தான். அந்த நிலை இருக்கிறதா என்பதை வீட்டுக்காரர் தாமாகவே தீர்மானித்துக்கொள்வது ஆபத்து. கேப்பு முளை அடைபடாமல், குழல் பிளக்காமல் இருக்கும் ஒரு பின்வாய்க் கார்பைன் சட்டத்தின் கண்ணில் துப்பாக்கிதான். எனவே காவல் நிலையத்துக்குத் தெரிவிப்பதே முறை. நூறாண்டுக்கு மேற்பட்ட பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதும் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி குற்றம். “அங்கே நல்ல விலை போகுமாமே” என்று என்னிடமே இருவர் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு இதைத்தான் சொன்னேன்.

சட்டத்தை மதித்து ஒப்படைக்கிற குடும்பத்தின் பொருள் அழிந்துபோகிறது, மறைத்து வைக்கிறவர் வீட்டில் அது பிழைத்துக் கிடக்கிறது என்ற நிலை மட்டும் எனக்குப் பொறுக்கவில்லை. நேர்மையாக நடந்துகொண்டதற்கு என் நண்பர் குடும்பத்துக்குக் கிடைத்தது அதுதான். ஆகவே புதுச்சேரி அரசுக்கும் தமிழ்நாடு அரசுக்கும் தங்கள் நாளிதழ் வாயிலாக ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். ஒப்படைக்கப்படும் அல்லது கைப்பற்றப்படும் துப்பாக்கி கேப்பு முளையோ சிக்கிமுக்கிக் கல் பூட்டோ உள்ளதாக இருந்தால், அதை அழிக்கும் ஆணை பிறப்பிக்கும் முன் அருங்காட்சியகத் துறையைச் சேர்ந்த ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் பழைய ஆயுதங்களுக்கென்றே காட்சிக்கூடம் இருக்கிறது. புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன. புதுச்சேரியிலும் கடலூரிலும் அரசு அருங்காட்சியகங்கள் உள்ளன. சுட முடியாதபடி முறையாகச் செயலிழக்கச் செய்து அங்கே வைக்கலாம். அறுத்து இரும்புக் கடைக்குப் போடுவதால் யாருக்கும் கூடுதல் பாதுகாப்பு கிடைத்துவிடப் போவதில்லை.

கடலூர்க்காரனாகிய எனக்கு இதில் ஒரு தனி உரிமை இருப்பதாகவும் நினைக்கிறேன். தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையை 1690இல் ஆங்கிலேயர் மராத்தியரிடமிருந்து வாங்கியபோது, கோட்டையிலிருந்து பீரங்கியைச் சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அதுவரை தங்களுக்கு என்று பேசி வாங்கினார்கள். குண்டு உப்பலவாடி என்ற பெயர் அந்தப் பேரத்தின் மிச்சம். அப்போது சென்னையில் தலைவராக இருந்தவர் எலிஹு யேல். அவர் பெயரைத் தாங்கிய பல்கலைக்கழகம் இருப்பது கனெக்டிகட்டில். ஹால் கார்பைனையும் ஷார்ப்ஸ் கார்பைனையும் செய்து குவித்த அதே மாநிலம். ஒரு குண்டு விழுந்த தூரத்தை 300 ஆண்டுகளாக ஊர்ப் பெயரில் சுமந்துகொண்டிருக்கிற நாம், கையில் கிடைக்கும் பழைய துப்பாக்கியின் பெயரைக் கேட்காமலேயே அழித்துவிடலாமா?

தங்கள் நிருபர்களுக்கும் ஒரு சிறு வேண்டுகோள். பழைய துப்பாக்கி கிடைத்த செய்தி வந்தால், காவலர்கள் வரிசையாக நிற்க அதைத் தூக்கிப் பிடித்த படத்தோடு, காவல்துறையின் அனுமதி பெற்று இன்னும் மூன்று படங்களை எடுக்கச் சொல்லுங்கள்: குதிரைக்குப் பின்னே உள்ள வலப்பக்கப் பூட்டுத் தகடு, பின்வாய்க்கு மேல் குழல் தொடங்கும் இடம், கட்டையின் இடப்பக்கம். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழ வேண்டும். இத்தாலியில் இன்றும் செய்யப்படும் ஷார்ப்ஸ், ஸ்மித் நகல்களாக இருந்தால் கார்டோன் ஊர்ச் சோதனைச் சாலையின் முத்திரை குழலில் இருக்கும். அதையும் அந்தப் படமே காட்டிக் கொடுத்துவிடும்.

சென்ற வாரச் செய்தியில் வந்த துப்பாக்கி இன்னும் காவல் நிலையத்தில்தான் இருக்கும் என்று நம்புகிறேன். அதிகாரிகள் அனுமதித்தால், உருப்பெருக்கியும் டார்ச்சும் அளவுகோலும் எடுத்துக்கொண்டு, அருங்காட்சியகத் துறையினரோடு சேர்ந்து என் செலவிலேயே புதுச்சேரிக்கு வந்து பார்த்துக் குறிப்பு எழுதிக் கொடுக்கத் தயாராக இருக்கிறேன். அதுவரை அதை யாரும் தேய்க்க வேண்டாம் என்று அந்தக் காவல் நிலையத்தாரிடம் தங்கள் நிருபர் ஒரு வார்த்தை சொல்லி வைத்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டூல்ரூம் பயிற்றுநர் ஒருவர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.